அருவிக்கரைத் துபாஷி

...அதான் கேக்கேன் அண்ணாச்சி, பேசத் தெரிஞ்சவன் பேசுனா அது ஒரு குத்தமா? கொஞ்சம் குனிங்க, எண்ணெய் வழிஞ்சி வேட்டியில எறங்குது... ஆங், அப்பிடி. கோர்ட்டுன்னா என்ன, பேசுததுக்குன்னே கட்டுன எடந்தான? வக்கீலு பேசுதாரு, போலீசு பேசுது, சாட்சி பேசுதான், செவுத்துல மாட்டிருக்க ராசா படம் ஒண்ணுதான் பேசாம இருக்கு. அந்த எடத்துல வச்சி என்னயப் பாத்து, 'பிச்சையா, நீ பேசுதது சாஸ்தி'ன்னு சொன்னா எப்பிடி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்லுதேன். நல்லா இல்ல.

என்னய உங்களுக்குத் தெரியாது. வந்து எறங்குனதும் நாலு வார்த்த பேசுனிய பாருங்க, அதுலயே தூத்துக்குடிப் பக்கம்னு கண்டுக்கிட்டேன். இந்த ஐந்தருவியில நான் இருவது சாரலா எண்ணெய் தேய்க்கேன். என் எண்ணெய்க்குன்னே ஆனி மாசம் வாரவுக உண்டு. நல்லெண்ணெயில மிளகும் சீரகமும் போட்டு, பச்சரிசி நாலு போட்டு, அது பொரியும்போது எறக்கணும். முந்தி எறக்குனா சளி பிடிக்கும், பிந்தி எறக்குனா... சரி அது கெடக்கட்டும். அந்தா, எதுத்த பாறையில ஒருத்தன் காலு நீட்டிக்கிட்டு இருக்கான் பாருங்க, செவப்புத் துண்டு கட்டிக்கிட்டு. அவன்தான் தாணு. அவனும் எண்ணெய் தேய்க்கவன்தான். பொறந்ததுலேருந்து அவனுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. போன சாரல்ல ஒருத்தரு மோதிரத்தக் களவாண்டுட்டாம்னு அவன் மேல தென்காசியில கேசு. அந்தக் கேசுல அவனுக்கும் கோர்ட்டுக்கும் நடுவுல நின்ன துபாஷி யாருங்கிய? நான். இந்தப் பிச்சையா. சத்தியம் வாங்கி, கூண்டுக்குப் பக்கத்துல ஒரு முக்காலி போட்டு, துபாஷின்னு காயிதத்துல எழுதுனாங்க. எங்க அய்யா இருந்து பாக்கக் குடுத்து வைக்கல.

அந்த உத்தியோகத்ததான் அண்ணாச்சி பறிச்சிட்டாங்க. பறிச்சி யாருக்குக் குடுத்தாங்கன்னு கேளுங்க. கேக்க மாட்டிய? பொறவு சொல்லுதேன்.

மொதல்ல உங்களுக்கு ஒரு விசயம் புரியணும். இந்தப் பாறை வரைக்குந்தான் ஒருத்தன் பேசுதது இன்னொருத்தனுக்குக் கேக்கும். அங்கன, தண்ணி விழுத எடத்துக்குப் பக்கத்துல போயிட்டா நீங்களும் தாணுதான், நானும் தாணுதான். காதுக்குள்ள வாய வச்சிக் கத்துனாலும் இரைச்சல்ல ஒண்ணும் ஏறாது. அதனால அருவிக்கரையில பொழைக்க அத்தன பேருக்கும் கைப்பேச்சு உண்டு. ரெண்டு உள்ளங்கையையும் ஒரசுனா எண்ணெய். உச்சந்தலையில தட்டுனா தலமுழுக்கு. ஒரு வெரல மத்த கையால சுத்திக் காட்டுனா மோதிரம். இல்லாத மீசைய முறுக்குனா போலீசு. எங்களுக்கெல்லாம் இப்பிடி அம்பது அறுவது வார்த்த தெரியும், அத வச்சி நாள ஓட்டிருவோம். தாணு அப்பிடி இல்ல. அவன் கையில கத சொல்லுவான், வம்பு பேசுவான், நான் நடக்குத நடையையும் வாயசைக்கதையும் அப்பிடியே பிடிச்சிக் காட்டி இந்தப் பாறையே சிரிக்க வைப்பான். நாங்க கத்துக்கிட்டதெல்லாம் அவன்கிட்டதான்.

என்னலே? ...ஒண்ணுமில்ல அண்ணாச்சி, அவன்தான் அங்கேருந்து கைய ஆட்டுதான். எப்பமும் ஆட்டுவான். நீங்க அவனப் பாக்காதீங்க, தலையக் குனிங்க. மண்டையில சூடு ஏறிக் கெடக்கு உங்களுக்கு. கடையில உக்காந்தே இருக்கதா? நெனச்சேன்.

போன ஆடியில சிவகிரியிலேருந்து ஒருத்தரு வந்தாரு. நல்ல சொத்துக்காரரு. பேரச் சொல்ல வேண்டாம், சிவகிரிக்காரருன்னே வச்சிக்கிடுவோம். வயிறு இந்தா இம்புட்டு. கையில செவப்புக்கல்லு மோதிரம். அது மாமனாரு கல்யாணத்துக்குப் போட்டது. மாமனாரு இன்னமும் அதே வீட்டுல உசுரோட இருக்காரு, அத மட்டும் நெனப்புல வச்சிக்கிடுங்க. அவருக்குத் தேய்ச்சது தாணு. நான் சும்மா பக்கத்துல நின்னு பேச்சுத் தொணைக்கு நாலு வார்த்த பேசிக்கிட்டு இருந்தேன். தேய்ச்சி முடிஞ்சி மனுசன் அருவிக்குள்ள போனாரு. அரமணி நேரம் ஆனந்தமா நின்னாரு. வெளிய வந்து வெரலப் பாத்தா மோதிரத்தக் காணோம்.

'கையத் தேய்க்கும்போதே உருவிட்டான்'னு பிடிச்சிக்கிட்டாரு. வேணும்னு பொய் சொல்லுத ஆளு இல்ல அவரு. அவருக்கு அப்பிடித்தான் தோணிருக்கு. எண்ணெய்க் கையில எது இருக்கு எது இல்லன்னு யாருக்குத் தெரியுது? ஒரு போலீசுக்காரரு நின்னாரு, தாணு தோளுல கைய வச்சாரு, முடிஞ்சுது.

மத்தபடி எங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு அண்ணாச்சி. மோதிரம், சங்கிலி போட்டவுக வந்தா எண்ணெய் தொடுததுக்கு முந்தியே கழட்டி வாங்கி, எங்க அரணாக்கயித்துல கோத்துப் போட்டுக்கிடுவோம். எல்லாரு கண்ணுக்கும் தெரியும்படியா இடுப்புல தொங்கும். குளிச்சி வந்ததும் அவுத்துக் குடுப்போம். எங்க அய்யா காலத்துலேருந்து ஒரு பொட்டு நக தொலஞ்சதில்ல. அப்போ சிவகிரிக்காரரு மோதிரத்த மட்டும் ஏன் கழட்டலன்னு கேப்பிய... அது... சாரல் பிடிக்குது பாத்தியளா? இந்தச் சாரல் ஒடம்புல பட்டாலே பாதி நோவு போயிரும். எங்க விட்டேன்? ஆங், போலீசு.

தென்காசி சப்ஜெயில்ல போட்டுட்டாங்க. தாணுவுக்குன்னு யாரும் கெடையாது. ஆத்தா போயி ஆறு வருசம். என்ன கேசு, எதுக்கு அடச்சிருக்காங்க, எத்தன நாளு, அவனுக்கு யாரும் சொல்லல. எப்பிடிச் சொல்லுவாங்க? அவங்க வாயால சொல்லிட்டாங்க, அவங்க கணக்குல அது முடிஞ்சுது. என் வீட்டுக்காரிதான் சோத்துத் தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு தெனமும் தென்காசிக்கு நடந்தா. அவ பேரு முத்துவடிவு. பொம்பளையாளுக குளிக்க பக்கம் துணி காவல் இருக்கா. அவளுக்கும் கைப்பேச்சு தெரியும், ஆனா வாய்ப்பேச்சு கெடையாது. கல்யாணமாயி பதிமூணு வருசத்துல அவ தொயந்து பத்து வார்த்த பேசி நான் கேட்டதில்ல. நான் பேசிக்கிட்டு இருந்ததால அவளுக்கு எடம் கெடைக்கலன்னு எங்க மைனி சொல்லுவா. அது கெடக்கு.

வக்கீல் ஆவுடைநாயகம் பிள்ளை இருக்காருல்லா, சாரல் சீசன்ல தாணுகிட்ட தவிர வேற யாருகிட்டயும் தலையக் குடுக்க மாட்டாரு. என்கிட்ட ஒரு தடவ குடுத்தாரு. 'வே பிச்சையா, எண்ணெய் தலையில, பேச்சு காதுல, ரெண்டுல ஒண்ண நிறுத்தும்'னுட்டுப் போயிட்டாரு. ஒத்தக் காசு வாங்காம கேச எடுத்துக்கிட்டாரு.

மொத நாளு டவாலி வாசல்ல நின்னு கூப்புடுதாரு: 'தாணூ... தாணூ... தாணூ...' மூணு தடவ. தாணு அவருக்கு முன்னால ஒரு மொழத் தூரத்துல நின்னு அவரு வாயையே பாத்துக்கிட்டு இருக்கான். ஆளு ஆசரில்லன்னு எழுதப் போனாரு குமாஸ்தா. எனக்குச் சிரிப்பாணி அள்ளிக்கிட்டு வந்துது. ஆவுடைநாயகம் பிள்ளைக்குச் சிரிப்பு வரல. எந்திரிச்சாரு. 'ஐயா, இந்த மனுசன் கோர்ட்டுக்குள்ள நிக்கான், ஆனா இங்க நடக்க கேசு அவனுக்கு நடக்கல. நாம பேசுதது அவனுக்குப் போய்ச் சேரணும், அவன் சொல்லுதது நமக்கு வந்து சேரணும். பேச முடியாதவன் தொறந்த கோர்ட்டுல கைச்சாடையா சொன்னா அதுவும் வாக்குமூலந்தான்னு சட்டத்துலயே இருக்கு. நடுவுல ஒரு துபாஷி வேணும். தெலுங்குக்காரன் வந்தா வைக்கோம், இந்துஸ்தானிக்காரன் வந்தா வைக்கோம், இவன் என்ன பாவம் பண்ணுனான்?'

மேஜிஸ்திரேட்டு நல்ல மனுசன். கண்ணாடிய ஒரு தடவ கழட்டி ஒரு தடவ போட்டாரு. சரின்னாரு. அருவிக்கரையில கைப்பேச்சுத் தெரிஞ்சவன் யாருன்னு கேட்டப்போ ஒருத்தன் வாயத் தொறக்கல. எனக்கு வாயி சும்மா இருக்குமா? நாந்தான் சாமின்னு முன்னால போயி நின்னேன். ஆவுடைநாயகம் பிள்ளை என்னயப் பாத்த பார்வை இன்னும் நெனப்புல இருக்கு. பல் வலிக்காரன் கொறட்டப் பாக்க மாதிரி.

இந்தக் கையக் குடுங்க. வேண்டாம், மொதல்ல தோள முடிச்சிருவோம்.

துபாஷி வேல உங்களுக்குத் தெரியாது. லேசில்ல. சிவகிரிக்காரரு கூண்டுல ஏறி அரமணி நேரம் பேசுனாரு. மோதிரம் வந்த கத, மாமனாரு குணம், சிவகிரியிலேருந்து வண்டி கட்டுனது, வழியில மாடு படுத்தது. தாணு என் மொகத்தப் பாக்கான், என்ன சொல்லுதாருங்கான். நான் வாய்க்கு நேரா வெரல ரெண்டு தடவ தட்டிக் காட்டுனேன். பேசுதாருன்னேன். பேசத்தான செய்தாரு? அதுல என்ன பொய்யி? நடுவுல அவரு, 'மோதிரத்தப் பத்தி யாரும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல, சத்தியமா'ன்னு ஒண்ணு சொன்னாரு. அதயும் அந்த ரெண்டு தட்டுக்குள்ளயே அடக்கிட்டேன்.

பொறவு தாணு மொறை. கைய எடுத்தான். ஒரு பத்து அசவு அசச்சிருப்பான். நான் எந்திரிச்சி, துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு, 'சாமி, நான் ஏழ, நாதியத்தவன், ஐந்தருவித் தண்ணி மேல சத்தியம், அடுத்தவன் பொருளுக்கு ஆசப்பட்டவன் இல்ல, எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து இந்தப் பாறையில எண்ணெய் தேய்ச்சிப் பொழைக்கோம், ராசா வீட்டு ஆளுகளுக்கெல்லாம் தேய்ச்சிருக்கோம், மோதிரத்த நான் எடுக்கல, அருவிதான் எடுத்துக்கிட்டுது'ன்னு... இன்னும் இருந்துது அண்ணாச்சி, நல்லாருந்துது. வாசல்ல நின்ன கடலைக்காரி கண்ணத் தொடச்சா. நானே தொடச்சேன்.

அப்பதான் அந்த மேஜிஸ்திரேட்டு பேனாவக் கீழ வச்சிட்டுச் சொன்னாரு: 'பிச்சையா, அவரு அரமணி நேரம் பேசுனாரு, நீ ரெண்டு தடவ வெரலத் தட்டுனே. இவன் பத்துத் தடவ கைய அசச்சான், நீ அரமணி நேரம் பேசுதே. நீ பேசுதது சாஸ்தி.' கோர்ட்டே சிரிச்சிது. எனக்கு மொகத்த எங்க வைக்கன்னு தெரியல.

தாணு சிரிக்கல. அவன் என்னயும் பாக்கல. மேஜிஸ்திரேட்டு கண்ணயே பாத்துக்கிட்டு நின்னான். நான் பேசி முடிச்சி உக்காந்த பொறவும் பாத்தான். பொறவு ரெண்டு கையையும் எடுத்துக் கக்கத்துக்குள்ள சொருகிக்கிட்டான்.

கை பேசுதவன் கையச் சொருகிக்கிட்டா என்ன அர்த்தம்? வாய மூடிட்டாம்னு அர்த்தம். மேஜிஸ்திரேட்டு கேக்காரு, நான் சாடையில கேக்கேன், வக்கீலு தோளத் தொட்டுப் பாக்காரு, ம்ஹூம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அப்பிடியே நிக்கான். போலீசு தரப்புல பேசுதவரு எந்திரிச்சி, எதிரிக்கு, அதான் தாணுவுக்கு, சொல்லிக்கிட எதுவும் இல்லன்னு தெரியுது, முடிச்சிரலாம்னாரு. முடிச்சா என்ன ஆகும்? ஆறு மாசம் உள்ள போவான். திரும்பி வந்தா இந்தப் பாறையில எவன் அவன்கிட்டக் கையக் குடுப்பான்? களவாணிப் பேரு ஒட்டிக்கிட்டா அருவித் தண்ணியில கழுவுனாலும் போவாது. ஆவுடைநாயகம் பிள்ளை கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் வாயிதா வாங்குனாரு.

என்னலே ஒனக்கு? பாத்தியளா, திரும்பவும் கைய ஆட்டுதான். இருக்கட்டும், எண்ணெய் போதுமான்னு கேப்பான். வேற என்ன கேப்பான்?

...

அண்ணாச்சி, நீங்க ஏன் சும்மா இருக்கிய? சரி சரி, நீங்க எங்க பேச, நான் பேசிக்கிட்டு இருக்கேன்.

அந்த வாரம் முச்சூடும் முத்துவடிவு சோறு கொண்டு போனா, வந்தா. ஜெயிலுக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு தாணு அவகிட்ட எல்லாத்தயும் சொல்லிருக்கான். அவ வீட்டுக்கு வந்து ஒண்ணுமே கேக்கல. ரசத்த ஊத்துனா. அப்பளத்த வச்சா. என் மொகத்தப் பாத்தா. நான் பேசிக்கிட்டே சாப்புட்டேன். மறுநா வக்கீலு வீட்டுக்குப் போயி தாணு சொன்னதச் சொல்லிருக்கா. என்ன சொன்னாங்கிய? தன் கண்ணத் தொட்டானாம், மேஜிஸ்திரேட்டு நாக்காலி மாதிரி கைய வச்சானாம், பொறவு என்னயக் காட்டுனானாம். 'நான் சொன்னத இவன் அங்கன சொல்லிருந்தா அந்தக் கண்ணு இவன் பக்கம் திரும்பிருக்கும். திரும்பவே இல்ல. அதனால இவன் சொல்லல.' எப்பிடி இருக்கு பாருங்க. காது கேக்காதவன் கண்ணால கேட்டிருக்கான்.

அடுத்த வாயிதாவுக்கு ஆவுடைநாயகம் பிள்ளை எந்திரிச்சி, இந்தத் துபாஷி வேண்டாம், வேற துபாஷி வேணும், சொன்னதச் சொன்னபடி சொல்லுத துபாஷி வேணும், அது எங்க பாத்தியதைன்னாரு. யாருன்னாரு மேஜிஸ்திரேட்டு. பாக்கேன், கோர்ட்டு வாசல்ல கண்டாங்கிச் சேலைய இழுத்துப் போத்திக்கிட்டு நிக்கா, என் பொண்டாட்டி.

இப்பம் தெரிஞ்சுதா, என் உத்தியோகத்தப் பறிச்சி யாருக்குக் குடுத்தாங்கன்னு? வீட்டுக்குள்ளயே குடுத்தாங்க அண்ணாச்சி. அத வெளிய சொல்ல முடியுதா?

சத்தியம் வாங்குனாங்க. முக்காலியில உக்காரச் சொன்னாங்க, உக்காரல, நின்னா. மொதல்ல, சிவகிரிக்காரரு சொன்னத எல்லாம் குமாஸ்தா படிக்கப் படிக்கத் தாணுவுக்குச் சொன்னா. வண்டி கட்டுனது, மாடு படுத்தது, எல்லாம். அவ கை நிக்கவே இல்ல. அவளுக்கு இத்தன பேச்சு உண்டுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். 'மோதிரத்தப் பத்தி யாரும் எங்கிட்டச் சொல்லல'ங்கத அவ காட்டுனதும் தாணு கக்கத்துலேருந்து கைய உருவுனான். அதுதான் அவனுக்கு எட்டு நாளாத் தெரியாம இருந்தது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே, நான் சொன்னேனேன்னு கேட்டிருப்பாம்லா.

அவன் பேசுனான். இவ சொன்னா. அவன் கை எத்தன அசஞ்சிதோ அத்தன வார்த்த. ஒண்ணு கூடுதலும் இல்ல, ஒண்ணு கொறையவும் இல்ல. 'மோதிரம் போட்டிருந்தாரு. எண்ணெய்ல வழுக்கும். கழட்டச் சொன்னேன். அவரு கைய இழுத்துக்கிட்டாரு. நான் சொன்னது அவருக்குப் புரியல.' நான் வாசலப் பாத்தேன். 'பக்கத்துல நின்னவருகிட்டச் சொன்னேன், அவருகிட்டச் சொல்லுங்கன்னு. அவரு என்னமோ சொன்னாரு. மோதிரக்காரரு வேண்டாம்னு கையாட்டிட்டாரு. அதனால விட்டுட்டேன்.'

மேஜிஸ்திரேட்டு கேட்டாரு, 'பக்கத்துல நின்னவரு யாரு?'

தாணு வெரல நீட்டுனான். முத்துவடிவு வாய மூடிக்கிட்டா.

'யாரும்மா? பேரச் சொல்லு. எழுதணும்.'

அவ எப்பிடிச் சொல்லுவா? புருசன் பேரச் சொல்லுத பழக்கம் எங்க பக்கத்துல எவளுக்கு உண்டு? பிச்சைக்காரன் வாசல்ல வந்தாலும் அவ 'சோறு கேட்டு ஆளு வந்திருக்கு'ன்னுதான் சொல்லுவா, என் பேரு அதுல ஒட்டிக்கிட்டு இருக்கதால. கோர்ட்டுல வந்து சொல்லிருவாளா? அவுகன்னா. எவுகன்னாரு குமாஸ்தா. அவுகதான்னா. அவுகன்னு காயிதத்துல எழுத முடியாதும்மான்னாரு. சத்தியம் பண்ணிருக்கே, சொல்லித்தான் ஆகணும்னாரு போலீசு தரப்புக்காரரு. நான் மனசுக்குள்ள, அப்பாடா தப்பிச்சோம், இவ செத்தாலும் சொல்ல மாட்டான்னு நெனச்சேன். அண்ணாச்சிகிட்ட மறைக்க என்ன இருக்கு, அப்பிடித்தான் நெனச்சேன்.

அவ சேல முந்திய இழுத்துச் சொருகுனா. தாணுவப் பாத்தா. பொறவு அவன் நீட்டுன மாதிரியே அவளும் வெரல நீட்டுனா. ரெண்டு வெரலும் ஒண்ணு போல என் நெஞ்சுக்கு நேரா நிக்கி. துபாஷின்னா அதுதான் பாத்துக்கிடுங்க. அவன் என்ன சொன்னானோ அத அப்பிடியே சொல்லிட்டா, பேரயும் சொல்லல.

மேஜிஸ்திரேட்டு கண்ணு திரும்பிச்சி. கண்ணாடிக்கு மேல, நேரா என்னயப் பாத்தாரு. அத தாணு பாத்தான். பாத்துட்டு ஒரு பெருமூச்சு விட்டான் அண்ணாச்சி, அந்தச் சத்தம் கோர்ட்டு முச்சூடும் கேட்டுது. அவன்கிட்டேருந்து அப்பிடி ஒரு சத்தம் நான் கேட்டதே இல்ல.

'பிச்சையா, இது நெசமா?'ன்னு கேட்டாரு.

இந்த வாயி இருக்கே, இருவது சாரலா நிக்காத வாயி. அன்னைக்கு வரல. தலைய மட்டும் ஆட்டுனேன், ஆமான்னு. அதுக்குத் துபாஷி வேண்டியிருக்கல. தாணுவுக்கும் புரிஞ்சுது, சிவகிரிக்காரருக்கும் புரிஞ்சுது. கேசு தள்ளுபடியாச்சு. சிவகிரிக்காரரு ஆவுடைநாயகம் பிள்ளைகிட்ட வந்து, அப்போ நான் இனி யாரு மேல கேசு போடன்னு கேட்டாரு. அருவி மேல போடலாம், சம்மனக் கொண்டுபோயி குடுக்கத்தான் ஆளு கெடைக்காதுன்னாரு அவரு. மாமனாருக்கு என்ன பதில் சொன்னாரோ, இந்த வருசம் ஆளு குத்தாலத்துப் பக்கமே காணல.

நீங்க கேப்பிய, அன்னைக்குத் தாணு எங்கிட்டச் சொன்னத நான் ஏன் அவருகிட்டச் சொல்லலன்னு. கேக்காட்டாலும் சொல்லுதேன். நான் அவருகிட்ட ஒரு கத சொல்லிக்கிட்டு இருந்தேன். செண்பகாதேவி அருவிக்குப் போற வழியில என்னய ஆன தொரத்துன கத. ஆன தும்பிக்கைய நீட்டிட்டுது, நான் பாறைக்கு இந்தப் பக்கம், நல்ல எடம். அந்த நேரம் பாத்து இவன் என் தோளச் சொரண்டி, மோதிரம் மோதிரம்னு வெரலச் சுத்துதான். சிவகிரிக்காரரு, என்ன சொல்லுதான்னாரு. கத நின்னு போகுமேன்னு... எண்ணெய் போதுமான்னு கேக்கான்னுட்டேன். போதும்னு அவரு கைய ஆட்டுனாரு. அம்புட்டுதான். பொய் சொல்லணும்னு சொல்லல அண்ணாச்சி. அவன் பேச்சு எங்க ஓடிறப் போகுது, பொறவு பாத்துக்கிடலாம்னு இருந்துட்டேன்.

கோர்ட்டுல விட்டதுதான் பெரிய தப்பு. அங்கன கத ஒண்ணும் நிக்கல. சொன்னா பாறையில எடம் போயிரும், பேரு போயிரும்னு பயந்தேன். அவன் பேரு போகுததப் பத்தி நெனைக்கல. அவன்தான் திருப்பிச் சொல்ல மாட்டானே. அது எனக்கு வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அவன் வெளிய வந்த அன்னைக்கு, நான் காலையில எப்பிடிடா இவன் மொகத்துல முழிக்கன்னு இங்கன வாரேன், அந்தப் பாறையில நின்னு, நான் கோர்ட்டுல துண்டக் கட்டிக்கிட்டுப் பேசுன மாதிரி அப்பிடியே செய்துக்கிட்டு இருக்கான். கடலைக்காரி கண்ணத் தொடச்சது வரைக்கும். எல்லாப் பயலும் சிரிக்கான். என்னயக் கண்டதும் எடம் விட்டான். இப்பமும் ஒரே பாறையிலதான் எண்ணெய் காயுது.

ஆனா ஒண்ணு, முத்துவடிவுக்கு இப்பம் கையி நீண்டு போச்சு. செங்கோட்டையில ஒரு நெலத் தகராறு, வடகரையில ஒரு சாட்சி, காது கேக்காதவங்க யாரு வந்தாலும் கோர்ட்டுலேருந்து அவளுக்குத்தான் ஆளு வருது. நான் சோறு பொங்கி வச்சிக்கிட்டு இருக்கேன். வந்தா, என்ன நடந்துதுன்னு கேட்டா, 'நடந்துது'ங்கா.

சரி, கையக் கொண்டாங்க. கையி ஒண்ணுதான் பாக்கி. ரெண்டு தேய்ப்புத் தேய்ச்சிட்டா நேரா அருவிதான். எங்க, இந்தக் கை...

...

ஏலே. ஏலே தாணு. சரிலே, பாத்துட்டேன். பாத்துட்டேன்.

எம்புட்டு நேரமா ஆட்டுதான் இவன்? நீங்க வந்து உக்காந்ததுலேருந்தா? நீங்க பாத்துக்கிட்டுதான் இருந்தியளா? என்னயக் கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி. ஆமா, நான் எங்க கேக்க விட்டேன்.

அந்தா, பொம்பளையாளுக பக்கம் துணிக்கு நடுவுல நிக்கா பாருங்க, முத்துவடிவு. அவளும் இங்கனதான் பாத்துக்கிட்டு நிக்கா.

அண்ணாச்சி, தாணு சொல்லுதான்: மோதிரத்தக் கழட்டுங்க. எண்ணெய்ல வழுக்கும்.

என்கிட்ட வேண்டாம், அவன்கிட்டயே போயி குடுங்க, அரணாக்கயித்துல கோத்துக்கிடுவான். போங்க. அம்புட்டுதான் சொன்னான்.